வைக்க மலிவு, எடுக்க விலை: சிறு இணையதளங்களின் படக்கிடங்குக் கணக்கு

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், தெற்கே ஒடாஹுஹுவில் நிலம் இடுப்புச் சிறுத்துப்போகிறது. ஒரு பக்கம் டாமகி ஆற்றின் கழிமுகம், மறுபக்கம் மனுக்காவ் துறைமுகம், நடுவில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் தரை. இந்தத் தரைமேல்தான் மாவோரி மக்கள் தங்கள் வாக்கா ஓடங்களை இழுத்துச்சென்று ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலில் இறக்கினார்கள். அந்த வழியில் இன்று போர்ட்டேஜ் சாலை ஓடுகிறது. நீரில் எத்தனை தூரமும் போகலாம், இந்த ஒரு கிலோமீட்டரில்தான் முதுகு ஒடியும். இணையதளத்துக்கான படம், ஒலி, காணொளிகளை வைக்க வெளியில் இடம் தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கோப்பு கிடங்கில் கிடப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அங்கிருந்து பார்ப்பவரின் கைப்பேசிவரை அதை இழுத்துவருவதற்குத்தான் பணம்.

இது தெரியாமல் பலரும் "ஒரு ஜிபிக்கு எவ்வளவு?" என்ற ஒற்றைக் கேள்வியோடு கடைக்குக் கடை ஏறுகிறார்கள். கேட்கவேண்டியவை இன்னும் இரண்டு உண்டு: எடுத்துக்கொடுக்க எவ்வளவு? விட்டுப்போக எவ்வளவு? மூன்றில் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பது என் கட்சி.

யாருக்கு இந்தத் தேவை வருகிறது என்று முதலில் பார்க்கலாம். தெற்கு ஒக்லாந்தில் கோயிலோ, தமிழ்ச் சங்கமோ, வார இறுதித் தமிழ்ப் பள்ளியோ நடத்துகிறவர்கள் ஒரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பார்கள். மாதம் பத்துப் பதினைந்து டாலர் பகிர்வு ஹோஸ்டிங், அதில் பத்தோ இருபதோ ஜிபி இடம். நாலு பொங்கல் விழா, நாலு கலைவிழா முடிந்ததும் இடம் நிறைந்துவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 எம்பி. அதை அப்படியே ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் அளவுகளில் தானாகவே நகல்கள் எடுத்துக்கொள்கிறது. ஒரு படம் ஏழெட்டுக் கோப்பாகிவிடும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் இடத்தை மட்டும் எண்ணுவதில்லை, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைக்கின்றன. இடம் மிச்சமிருந்தும் தளம் முடங்கிப்போவது இதனால்தான்.

அப்போது எல்லோரும் முதலில் ஓடுவது இலவச இடங்களுக்கு. அந்த இலவசங்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. போட்டோபக்கெட் என்ற அமெரிக்கத் தளத்தில் படத்தை வைத்து, அதன் முகவரியை வேறு பக்கங்களில் ஒட்டுவது 2000-களில் உலகெங்கும் வழக்கம். 2017 ஜூன் இறுதியில் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. வேறு தளங்களில் படம் தெரியவேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 அமெரிக்க டாலர் கட்டவேண்டும். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்திலெல்லாம் ஒரே இரவில் சாம்பல்நிற அறிவிப்புப் பலகைகள். அடுத்த ஆண்டு விலையைக் குறைத்தார்கள், ஆனாலும் ஓடிப்போனவர்கள் திரும்பவில்லை. ஃபிளிக்கர் 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பு அறிவித்தது. டைனிபிக் 2019-இல் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. மைஸ்பேஸ் கதை இன்னும் மோசம். சர்வரை இடம் மாற்றியதில் 2016-க்கு முந்தைய பாடல்கள் போய்விட்டன என்று 2019-இல் ஒப்புக்கொண்டது. போனவை 5 கோடிப் பாடல்களுக்குமேல் என்றார்கள்.

ஃபேஸ்புக் ஆல்பத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஏற்றும் படம் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகிறது, மூலத்தின் தரம் திரும்பக் கிடைக்காது. படத்தின் நேரடி முகவரியும் சில நாளில் காலாவதியாகும் வகையானது. கூகுள் டிரைவிலிருந்து படத்தை இணையப் பக்கத்தில் நேரடியாகக் காட்டும் குறுக்குவழி 2024 தொடக்கத்தில் பல தளங்களில் உடைந்துபோனது. இவையெல்லாம் ஆட்கள் பார்த்துப் பகிர்வதற்கான இடங்கள். இன்னொரு தளத்துக்குப் பின்கட்டாக நின்று உழைக்க இவை கட்டப்படவில்லை, அப்படி நிற்போம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

அந்த வேலைக்கென்றே இருப்பது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்: ஒவ்வொரு கோப்பையும் தனி முகவரியோடு வைத்து, கேட்டபோது எடுத்துக்கொடுக்கும் கிடங்கு. அமேசான் 2006 மார்ச் 14 அன்று எஸ்3 என்ற சேவையைத் தொடங்கியபோது ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட், கடத்த ஒரு ஜிபிக்கு 20 சென்ட். இன்று சிட்னியில் அதன் சேமிப்பு விலை 2.5 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. வெளியே அனுப்பும் கட்டணம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்குமேல் சிட்னியிலிருந்து ஒரு ஜிபிக்கு 11.4 சென்ட். ஒரு மாதம் வைத்திருப்பதைப்போல நாலரை மடங்கு, ஒரே ஒரு தடவை எடுத்துக்கொடுக்க. (இந்தக் கட்டுரையில் சேவைகளின் விலைகளெல்லாம் 2025 நிலவரப்படி அமெரிக்க டாலரில். கடைக்காரர் பலகையை மாற்றினால் என்னை வையாதீர்கள்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து ஆண்டு விழாப் படங்கள் 30,000 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4 எம்பி, மொத்தம் 120 ஜிபி. எஸ்3 சிட்னியில் மாத வாடகை 3 டாலர், ஒரு காப்பிக் காசுகூட இல்லை. விழா முடிந்து 50 படம் கொண்ட ஒரு ஆல்பத்தை மூலக் கோப்புகளாகவே போட்டால் அந்தப் பக்கத்தின் எடை 200 எம்பி. ஊரில் இருக்கும் பாட்டி, லண்டனில் சித்தி, பிரிஸ்பேனில் மச்சான் என்று 2,000 முறை திறக்கப்பட்டால் 400 ஜிபி. இலவசம் போக 300 ஜிபிக்குக் கட்டணம் 34 டாலர் 20 சென்ட். வாடகை மூன்று, கூலி முப்பத்துநான்கு.

இதற்கு முதல் மருந்து கடை மாற்றுவது அல்ல, படத்தை இளைக்கவைப்பது. நீளப்பக்கம் 1,600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் அதே படம் 300 கேபி அளவுக்கு வந்துவிடும். திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆல்பம் 15 எம்பி, 2,000 முறை திறந்தாலும் 30 ஜிபி, கட்டணமே இல்லை. பக்கத்தின் எடையும் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஐபோன் படங்களை ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதன் ஹெய்க் வடிவம் பெரும்பாலான பிரவுசர்களில் திறக்காது, மாற்றித்தான் ஏற்றவேண்டும். பேச்சு, பண்ணிசை வகுப்பு, பட்டிமன்றம் போன்ற ஒலிப்பதிவுகளுக்கு 64 கிலோபிட் மோனோ எம்பி3 தாராளம். ஒரு மணிநேரம் 29 எம்பிக்குள் அடங்கும். காணொளி வேறு விதம். ஆயிரத்து எண்பது வரித் தரத்தில் ஒரு மணிநேரம் இரண்டு ஜிபிக்குமேல் போகும். பார்ப்பவரின் இணைப்புக்கேற்பத் தரத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்புவதற்குத் தனி அமைப்பும் வேண்டும். பொதுவில் காட்டக்கூடிய காணொளியை யூடியூப் சுமக்கட்டும், மூலக் கோப்பு மட்டும் உங்களிடம் இருக்கட்டும். இதில் தன்மானம் பார்ப்பது வீண்செலவு.

இனிக் கடைகள். கிளவுட்ஃபிளேரின் ஆர்2 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. சேமிப்புக்கு ஒரு ஜிபி 1.5 சென்ட், முதல் 10 ஜிபி இலவசம், வெளியே அனுப்பக் கட்டணமே கிடையாது. கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கட்டணம் உண்டு, ஆனால் மாதம் ஒரு கோடிவரை இலவசம். ஒக்லாந்திலேயே அதற்கு விநியோக மையம் இருப்பதால் ஒடாஹுஹுவில் இருப்பவருக்குப் படம் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல வரும். சங்கடம் ஒன்று: உங்கள் சொந்தப் பெயரில் படமுகவரி வேண்டுமென்றால் உங்கள் டொமைனின் பெயர்ச்சேவையை அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். அவர்கள் தரும் இலவச முகவரி சோதனைக்கு மட்டுமே, கூட்டம் வந்தால் அது தடுத்துவிடும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் தடுமாறியபோது உலகெங்கும் ஏராளமான தளங்கள் திறக்காமல் போனதையும் நினைவில் வைக்கவேண்டும்.

பேக்பிளேஸ் பி2 ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர், அதாவது ஒரு ஜிபிக்கு 0.6 சென்ட். நீங்கள் வைத்திருக்கும் அளவைப்போல மூன்று மடங்குவரை மாதந்தோறும் இலவசமாக எடுக்கலாம், மேற்கொண்டு ஜிபிக்கு ஒரு சென்ட். 2023 அக்டோபரிலிருந்து இந்த ஏற்பாடு. ஓசியானியாவில் அதற்குக் கிடங்கு இல்லை. கோப்பு வட அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும். ஆகவே நேரே பார்வையாளருக்குக் கொடுப்பதைவிட மூலக் கோப்புகளைப் பூட்டிவைக்கத்தான் இது பொருத்தம். சிலர் பி2-வில் காணொளியை வைத்து முன்னால் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தை நிறுத்திக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். படங்களுக்குச் சரி, பெரிய காணொளிகளை அப்படி விநியோகிப்பதைக் கிளவுட்ஃபிளேரின் விதிகள் விரும்புவதில்லை.

பன்னி.நெட் சுலோவேனியாக்காரர்களுடையது. கிடங்கு ஜிபிக்கு ஒரு சென்ட், ஆசிய, ஓசியானிய விநியோகம் ஜிபிக்கு 3 சென்ட், மாதக் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு டாலர். எனக்கு இதில் பிடித்தது விலை அல்ல. முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் முறை. போட்ட பணம் தீர்ந்தால் சேவை நிற்கும், அவ்வளவுதான். பெரிய கிளவுட்களில் பில்லுக்கு உச்சவரம்பு கட்ட எளிய வழி கிடையாது, எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் வரும். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் சேவையில் ஒருவரின் சாதாரணத் தளத்துக்கு 1,04,500 டாலர் பில் வந்த கதை இணையத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. காரணம் மூன்றரை எம்பி அளவுள்ள ஒரு பழைய கான்டனீஸ் பாட்டின் எம்பி3 கோப்பு. யாரோ அதை எந்திரம் வைத்து ஓயாமல் இறக்கியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் முழுத்தொகையையும் தள்ளுபடி செய்தது. நம் தளங்களிலும் எம்பி3 கோப்புகள்தானே கிடக்கின்றன? திருப்புகழ்ப் பதிவொன்றால் சங்கத்தின் வைப்புநிதி போனது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சொல்லும் நிலை யாருக்கும் வரவேண்டாம்.

வசாபி டெராபைட் 7 டாலர் அளவில் மலிவாகத் தெரியும். 50 ஜிபி வைத்தாலும் ஒரு டெராபைட்டுக்குப் பணம் உண்டு, வைத்த கோப்பை 90 நாளுக்குள் அழித்தாலும் 90 நாள் வாடகை உண்டு, எடுக்கும் அளவு வைத்த அளவைத் தாண்டக்கூடாது. காப்புப்பிரதிக்கு நல்ல கடை, இணையதளப் படங்களுக்குச் சரிவராது. டிஜிட்டல்ஓஷன் ஸ்பேசஸ் மாதம் 5 டாலருக்கு 250 ஜிபி இடமும் ஒரு டெராபைட் போக்குவரத்தும் தருகிறது. ஒரே தொகை, ஒரே பில். கணக்குப் பார்க்கும் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது.

நியூசிலாந்து மண்ணிலேயே வைக்கவேண்டும் என்றால்? இன்று வழி இருக்கிறது. கேட்டலிஸ்ட் கிளவுட் உள்நாட்டு நிறுவனம், வெலிங்டன், போரிருவா, ஹாமில்டன் பக்கம் கிடங்குகள், பில்லும் நியூசிலாந்து டாலரில். ஜிபி விலை அமெரிக்கக் கடைகளைவிடக் கூடுதல். மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பரிலும் அமேசான் 2025 செப்டம்பரிலும் இங்கே தங்கள் மண்டலங்களைத் திறந்துவிட்டன. ஆனால் சிறு தளத்துக்கு இது அவசியமா என்பது வேறு கேள்வி. வேகம் பற்றிய கவலை பழைய காலத்துடையது. 2000-இல் சதர்ன் கிராஸ், 2017-இல் டாஸ்மான் குளோபல் ஆக்சஸ், 2018-இல் ஹவாய்க்கி, 2022-இல் சதர்ன் கிராஸ் நெக்ஸ்ட் என்று கடலடிக் கேபிள்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன. 2022 இறுதிக்குள் அரசின் ஃபைபர் திட்டம் 87 விழுக்காடு மக்களை எட்டியது. சிட்னி கிடங்கிலிருந்து படம் வர எடுக்கும் கூடுதல் நேரத்தை மனிதக் கண் உணராது.

சட்டம் பற்றிய கவலை அப்படித் தள்ளக்கூடியதல்ல. 2020 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள தனியுரிமைச் சட்டத்தின் 12-ஆவது கோட்பாடு, தனிமனிதத் தகவலை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு நிபந்தனை விதிக்கிறது. சேமித்துக்கொடுப்பதை மட்டும் செய்து, தகவலைத் தன் சொந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தாத கிளவுட் நிறுவனத்திடம் வைப்பது இதில் சேராது. அதனால் விழாப் படம் சிட்னியில் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் பொறுப்பு உங்களுடையதாகவே நிற்கும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் முகங்கள் இருக்கும் படங்களுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கினீர்களா, உறுப்பினர் படிவங்களின் ஸ்கேன்களை விழாப் படங்களோடு அதே பொதுக் கிடங்கில் போட்டுவிட்டீர்களா என்பவைதான் கேட்கவேண்டியவை. பொது என்று திறந்துவிட்ட கிடங்கில் எதைப் போட்டாலும் உலகம் பார்க்கும்.

மலிவு தேடும் அவசரத்தில் மறந்துபோகும் பகுதி அழிவு. ஒடாஹுஹுவுக்கு இது பற்றிச் சொந்த அனுபவம் உண்டு. 2006 ஜூன் 12 காலையில் பலத்த காற்றில் ஒடாஹுஹு துணைமின்நிலையத்தில் துருப்பிடித்த ஒரு கொக்கி அறுந்து, நிலக்கம்பி மின்தடங்கள்மேல் விழுந்தது. ஒக்லாந்தில் பாதிக்குமேல் பல மணிநேரம் இருண்டது. நகரத்தின் மின்சாரம் அந்த ஒரு முற்றத்தை எவ்வளவு நம்பியிருந்தது என்பது அன்றுதான் பலருக்கும் தெரிந்தது. 2023 ஜனவரி 27 அன்று இன்னொரு பாடம். மாங்கரேயில் உள்ள விமான நிலையத்தில் 24 மணிநேரத்தில் 245 மில்லிமீட்டர் மழை பதிவானது, தெற்கு ஒக்லாந்தின் வீடுகளிலும் கராஜ்களிலும் தண்ணீர் புகுந்தது. சங்கத்தின் பழைய வன்தட்டுகளும் சிடிக்களும் நம்மவர் வீடுகளில் எங்கே இருக்கும்? கராஜில், தரையில் வைத்த அட்டைப்பெட்டியில்.

கிளவுடில் இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. தங்கள் காப்புப்பிரதியும் அதே வளாகத்தில் இருந்ததைச் சிலர் அப்போதுதான் அறிந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் அரசுத் தரவு மையத் தீயில் அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் கிடங்கு, 858 டெராபைட், வேறு நகல் இல்லாமல் போயிற்று. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பர் இருக்கிறது. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் நேர்ந்த பிழையால் அதன் கணக்கே அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததால் மீண்டது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் பரப்பிய விதி இதற்குப் போதுமானது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில்.

தமிழுக்கு நகல் இல்லாமையின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தையும், அதன் ஆவணகம் ஒலி, ஒளிப்படம், காணொளிகளையும் இன்று சேமித்துவருகின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் எழுத்துக்கோப்புகளை மட்டுமே கையாள்வதால் அதன் தொகுப்பு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். பட ஆவணங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பொதுமதிப்புள்ள படங்களைத் திறந்த உரிமத்தில் கொடுக்க மனமிருந்தால் விக்கிமீடியா காமன்ஸ் காசில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இண்டர்நெட் ஆர்க்கைவும் அப்படியே. ஆனால் 2024 அக்டோபர் இணையத் தாக்குதலில் அது பல நாள் முடங்கியதால் ஒரே நகலாக அதை நம்பவேண்டாம். நியூசிலாந்துத் தேசிய நூலகம் 2008 முதல் நாட்டின் இணையவெளியை வாரிச் சேகரித்துவருகிறது. உங்கள் தளத்தைச் சேர்க்கும்படி நீங்களே முன்மொழியலாம், செலவில்லை. நம்மவர் அமைப்புகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்குப் புரியாத சோம்பல்.

இனி என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன 30,000 படங்களின் இளைத்த நகல்கள் 9 ஜிபி. 200 மணிநேர ஒலி 6 ஜிபிக்குள். இரண்டும் ஆர்2-வில் இருந்தால் இலவச வரம்புபோக மாதம் 7 சென்ட். மூலப் படங்கள் 120 ஜிபி, நூறு மணிநேரக் காணொளி மூலங்கள் 225 ஜிபி. இவை பி2-வில் மாதம் 2 டாலர் சொச்சம். நாணய மாற்றும், வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2016 அக்டோபரிலிருந்து உள்ள 15 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 நியூசிலாந்து டாலர். இதே மொத்தத்தை எஸ்3 சிட்னியில் வைத்தால் நான்கு மடங்கு ஆகும். மூன்றாவது நகல் ஒரு வெளி வன்தட்டில், ஒடாஹுஹுவிலோ மாங்கரேயிலோ இல்லாமல், நார்த் ஷோர் பக்கம் குடியிருக்கும் ஒரு உறுப்பினர் வீட்டில், அலமாரியின் மேல்தட்டில்.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர்நாடி ஒன்று உண்டு. படங்களின் முகவரி கடைக்காரரின் பெயரில் இருக்கக்கூடாது. உங்கள் டொமைனின் முன்னால் "மீடியா" என்று ஒரு துணைப்பெயர் சேர்த்து, எல்லாப் படமும் அந்த முகவரியில் திறக்கும்படி செய்யுங்கள். நாளை ஆர்2 விலையை ஏற்றினால், ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளால் கோப்புகளை வேறு கிடங்குக்கு நகர்த்தி, துணைப்பெயரைத் திருப்பிவிட்டால் போதும். மேலே சொன்ன கடைகளில் பெரும்பாலானவை எஸ்3 மொழியையே பேசுவதால் நகர்த்துவது ஒரு சனிக்கிழமை வேலை. தளத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் திருத்தவேண்டாம். போட்டோபக்கெட்டில் சிக்கியவர்களிடம் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

இன்னொன்று, தொழில்நுட்பமே அல்லாதது. கிடங்குகள் பெரும்பாலும் தீயாலோ வெள்ளத்தாலோ போவதில்லை. முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் கணக்கு, முன்னாள் பொருளாளரின் கிரெடிட் கார்டில் பணம், இருவரும் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தாயிற்று, கார்டு காலாவதி, எச்சரிக்கை மின்னஞ்சல்களைப் படிக்க ஆளில்லை. சில மாதத்தில் நிறுவனம் அழித்துவிடும், அதன்மேல் தப்பும் இல்லை. 2022-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி நியூசிலாந்தின் பதிவுபெற்ற சங்கங்கள் 2026 ஏப்ரல் 5-க்குள் மறுபதிவு செய்யவேண்டியிருந்ததால் நம் அமைப்புகள் பலவும் யாப்பைத் திருத்தி எழுதவேண்டி வந்தது. அதில் டொமைன், கிடங்கு, யூடியூப் கணக்கு ஆகியவை சங்கத்தின் சொத்து என்றும், சங்கத்தின் பொது மின்னஞ்சலில் குறைந்தது இருவர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.